குளவிக் கணக்கப்பிள்ளை

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். நாளைக் காலையிலும் அங்கே போய்ப் பாண் ரொட்டி விற்க வேண்டியவன் நான். என் பெயர் ஷுக்ரி. ஆட்டோவின் பின்னால் கண்ணாடிப் பெட்டியைப் பூட்டி, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு பண்டாரவளையிலிருந்து மலைக்கு மலை ஏறுகிறவன். அந்தத் தோட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வழுவழுப்பான தாளில், பச்சை மையில். அதில் புள்ளிச் சிறுத்தை இருக்கிறது, மலை அணில் இருக்கிறது, பெயர் தெரியாத தவளைகூட இருக்கிறது. இராமையா மட்டும் இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

இராமையாவுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடம் தேயிலைக்கு மருந்து அடித்தவர். முதுகில் டாங்கி, மூக்கில் பழைய கைக்குட்டை, காலில் ஒன்றுமில்லை. புல் செத்தது, புழு செத்தது, ஓடையில் மீன் செத்தது. இராமையா இருமிக்கொண்டே தப்பிவிட்டார். அந்த இருபத்திரண்டு வருடத்தில் தோட்டத்தில் ஒருவருக்கும் சுற்றுச்சூழல் என்ற சொல் வாயில் வரவில்லை.

பிறகு, கடல் தாண்டி நம் தேயிலையைக் குடிக்கிறவர்களுக்கு ஒரு நாள் மனச்சாட்சி குத்தியது. இந்தச் சாயத்தண்ணிக்காக அந்த மலையில் எத்தனை உயிர் வதைபடுகிறதோ என்று கவலைப்பட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்து உயிர்களைச் சொல்கிறார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குத் தேயிலை வியாபாரம் தெரியாது. காட்டு உயிர்களைக் காக்கிற தோட்டத்துக்குப் பச்சைச் சான்றிதழ், சான்றிதழ் உள்ள தேயிலைக்கு நல்ல விலை என்று ஏற்பாடாயிற்று. கம்பனிக்கும் அன்றே இயற்கை மேல் காதல் பிறந்தது.

ஓடையின் இரு கரையிலும் பத்து மீற்றருக்கு மருந்து அடிக்கக் கூடாது, மண்வெட்டி வைக்கக் கூடாது, நாட்டு மரம் நட வேண்டும் என்றார்கள். நல்ல காரியம். மனதாரச் சொல்கிறேன், அந்த ஓடையில் இப்போது மீன் இருக்கிறது. ஓடைக்குக் கிடைத்த பத்து மீற்றர் மரியாதை, பத்தடிக் காம்பராவில் ஏழு பேராகப் படுக்கிற லயத்துக்கும் கிடைத்திருந்தால் நான் இன்னும் சத்தமாகப் பாராட்டியிருப்பேன்.

பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்துக்கு, நாலு நிறத்தில் நாலு குப்பைத் தொட்டி வந்தது. கண்ணாடிக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, கடதாசிக்கு ஒன்று, உக்கிப்போவதற்கு ஒன்று. தூக்கி எறிகிற அளவுக்கு லயத்தில் யாரிடமும் எதுவும் இருக்கவில்லை. வெயில் காலத்தில் பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியபோது, பெண்கள் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். சோதிக்க வந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "மழைநீர் சேகரிப்பு, மிக நன்று" என்று எழுதிக்கொண்டு போனார்.

மருந்து அடிப்பது பாதியாகக் குறைந்ததால் இராமையாவுக்கு வேலை இல்லாமல் போனது. அவரை வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் சான்றிதழில் ஒரு புள்ளியைக் குறைக்கும். ஆகவே ஒரு பெரிய கொப்பியைக் கையில் கொடுத்து, "வனவிலங்கு அவதானிப்பாளர்" என்று பெயரும் சூட்டினார்கள். எந்த மலையில், எந்தத் தேதியில், என்ன பிராணியைக் கண்டார், எத்தனை, என்ன நிலையில் என்று ஐந்து கட்டம். இத்தனை வருடம் எதையெல்லாம் கொன்றாரோ, அதையெல்லாம் இனி எண்ண வேண்டும். பிராயச்சித்தத்துக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே தோட்டம் அதுதான்.

இராமையா அந்த வேலையைச் சிரத்தையாகச் செய்தார். நானே பார்த்திருக்கிறேன். "அட்டை, 11, என் காலில், நல்ல நிலையில்" என்று ஒரு நாள் எழுதியிருந்தார். பன்றி, முள்ளம்பன்றி, மரநாய் எல்லாம் எழுதுவார். எல்லாவற்றையும் விட அவர் கவனமாக எழுதியது குளவி. லயத்து ஆட்கள் அவருக்குக் குளவிக் கணக்கப்பிள்ளை என்றே பட்டம் வைத்துவிட்டார்கள்.

அதற்குக் காரணம் அவர் மனைவி யோகம்மா. கொழுந்து எடுக்கிற முப்பத்திரண்டு பெண்களில் ஒருத்தி. குளவி கலைந்தால் முதலில் மாட்டுவது அவர்கள்தான். கூடையைக் கழற்ற வேண்டும், இடுப்பில் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் படங்கை அவிழ்க்க வேண்டும், செடி இடுக்கில் காலை உருவ வேண்டும். அதற்குள் கதை முடிந்துவிடும். யோகம்மாவின் அக்கா போனது அப்படித்தான். அந்த அக்காவைத் தூக்கி வந்தவர்களில் இராமையாவும் ஒருவர்.

முன்பெல்லாம் கூடு கண்டால் பொழுது சாய்கிற நேரத்தில் பந்தம் கட்டிக் கொளுத்திவிடுவார்கள். சான்றிதழ் வந்த பிறகு அது குற்றம். சூழல் அதிகாரியாகச் சிந்துஜன் என்ற யாழ்ப்பாணத்துப் பையன் வந்திருந்தான். படித்தவன், நல்லவன், மலையேறினால் மூச்சு வாங்குகிறவன். "அண்ணை, இது உண்மையிலை குளவி இல்லை, பெருந்தேனீ. இதுகள் இல்லாட்டில் காடு பூக்காது, காய்க்காது. கொளுத்த ஏலாது" என்றான்.

"கொளுத்த வேணாங்க. நானும் பாவம்னுதான் நெனைக்கிறேன்" என்றார் இராமையா. "ஆனா மரத்தச் சுத்தி முப்பது எட்டு தூரத்துக்கு ஆள எறக்காதீங்க. அதுங்க பாட்டுக்கு அதுங்க இருக்கட்டும், நாம பாட்டுக்கு நாம இருப்போம்."

சிந்துஜன் அதை அப்படியே தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கொண்டுபோனான். துரை தோட்டத்து வரைபடத்தை விரித்து, முப்பது எட்டுக்கு எத்தனை கிலோ கொழுந்து போகும் என்று பார்த்தார். பார்த்துவிட்டு, பொருளாதாரமும் வேண்டும் சூழலும் வேண்டும் என்று சமநிலையான ஒரு முடிவு சொன்னார். கூடு மரத்திலேயே இருக்கட்டும். பெண்களும் மரத்தடியிலேயே இருக்கட்டும். சத்தம் போடாமல் எடுத்தால் போதும்.

அதற்குப் பிறகு இராமையா தன் பாட்டில் ஒரு காரியம் செய்தார். கூடு உள்ள மரங்களில் அடையாளமாக யோகம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினார். நல்ல புத்தி. ஆனால் எந்த மலையில் இருக்கிறோம் என்பதை மனிதர் மறந்துவிட்டார். மறுநாள் ஏழாம் நம்பர் மலைக்குப் போன பெண்கள், உச்சியில் நிற்கிற பெரிய டர்பன்டைன் மரத்தில் சிவப்புத் துணியைக் கண்டார்கள். முனி வந்து இறங்கிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். கொழுந்துக்குப் போவதற்கு முன்னால் மலைச்சாமி கும்பிடுவது அங்கே வழக்கம். தேங்காய் உடைத்து, சாம்பிராணி போட்டு, அந்த மரத்தில் தொங்கிய ஆறு கூட்டுக்கும் நேர் கீழே கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார்கள். பூசைக்கு முன்நின்றவள் யோகம்மா. கட்டியிருப்பது தன் சேலை என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அன்று ஏதோ புண்ணியத்தில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. இராமையா தலைதெறிக்க ஓடி வந்து நெருப்பை மிதித்து அணைத்தார். "சாமிய மிதிக்கிறான் பாவி" என்று ஏச்சும் வாங்கினார். மறுநாளே சிவப்பை அவிழ்த்துவிட்டு, யூரியாப் பையைக் கீலம் கீலமாக வெட்டிக் கட்டினார். யூரியாப் பையை யாரும் கும்பிட மாட்டார்கள் அல்லவா. அந்த வெள்ளைக் கீலம் கண்ட இடத்தில் பெண்கள் விலகி எடுத்தார்கள். ஒரு வருடம் ஒருத்தியையும் குளவி தொடவில்லை. இதற்குச் சான்றிதழ் யாரும் கொடுக்கவில்லை.

போன ஓகஸ்டில் சான்றிதழைப் புதுப்பிக்கிற காலம் வந்தது. டர்பன்டைன் பூக்கிற மாதம் அது, கூடுகள் எல்லாம் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரித் தொங்கும். கொழும்பிலிருந்து வீடியோ எடுக்க மூன்று பேர் வந்தார்கள். இயற்கையும் மனிதரும் ஒன்றாய் வாழ்கிற காட்சி வேண்டுமாம். எல்லா மலையையும் சுற்றிவிட்டு அவர்களுக்குப் பிடித்துப்போனது ஏழாம் நம்பர் மலை உச்சி. ஓங்கிய மரம், அதில் ஆறு கூடு, கீழே கொழுந்து எடுக்கிற பெண்கள். கண்ணுக்கு அழகுதான், நான் மறுக்கவில்லை.

யூரியாப் பை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மலையில் பிளாஸ்டிக் கிடப்பது சான்றிதழுக்கு அசிங்கம். அவிழ்த்து எறிந்தார்கள். பெண்கள் மலைச்சாமி கும்பிடுகிற கதையை யாரோ சொல்லிவிட, புத்தம்புதுச் சிவப்புப் பட்டுத் துணியை மரத்தில் சுற்றினார்கள். சாம்பிராணிச் சட்டியும் வந்தது. மேலிருந்து படம் பிடிக்க ஒரு ட்ரோனும் வந்தது. பெண்களுக்கு ஆளுக்கொரு புதுச் சேலை கொடுத்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குகளைக் கழற்றச் சொன்னார்கள். படங்கு என்பது ஈரமும் முள்ளும் படாமல் பெண்கள் சுற்றிக்கொள்கிற தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதுவும் வீடியோவுக்கு அசிங்கம்.

அன்று காலை நான் பாணோடு நிற்கும்போதுதான் பெரட்டில் பேச்சு நடந்தது.

"தொரை, அந்த மரத்துல ஆறு கூடு இருக்குங்க. பொகையும் போட்டு, அந்தப் பறக்குற மெசினையும் விட்டா கட்டாயம் கலைஞ்சிரும்" என்றார் இராமையா.

"பத்து நிமிசம்தானே ராமையா" என்றார் துரை.

"தூரத்துல வச்சு எடுக்கச் சொல்லுங்க தொரை. பொம்பளைங்க பாவங்க."

துரை பெண்கள் பக்கம் திரும்பி, வீடியோவில் நிற்காதவளுக்கு இன்று பேர் இல்லை என்றார். பேர் என்றால் ஒருநாள் கூலி. பெண்கள் கூடைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். சிந்துஜன் மட்டும் கடதாசி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "சேர், ஆபத்து அதிகம் எண்டு நான் எழுதித் தந்தனான்" என்றான். துரை அதை வாங்கிப் பார்த்து, "அதிகம்" என்பதை வெட்டி "குறைவு" என்று தன் கையாலேயே திருத்திக் கொடுத்தார். ஆபத்தைக் குறைக்க இதைவிடச் சிக்கனமான வழியை நான் கண்டதில்லை.

இராமையா கத்தவில்லை. கொப்பியை என் பாண் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு, "பாத்துக்குங்க ஷுக்ரி நானா" என்று சொல்லிவிட்டுப் போனார். லொறிக்குப் பின்னால் குவித்துப் போட்டிருந்த முப்பத்திரண்டு படங்கையும் இரண்டு சுமையாகத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். இருமல்காரர், பாதி வழியில் இரண்டு தடவை குந்தினார். பெண்கள் நிற்க வேண்டிய இடங்களில், செடிக்கு அடியில், ஆளுக்கு ஒன்றாக மறைத்து வைத்தார்.

"நீங்க பாட்டுக்குச் சிரிங்க, பொலி சொல்லுங்க. நான் படங்குன்னு கத்துனா எவளும் ஓடக் கூடாது. நிக்கிற எடத்துலயே குந்தி இழுத்து மூடிக்குங்க. ஓடுனா செத்தீங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னாராம். யோகம்மாவிடம் இரண்டு தடவை சொன்னாராம்.

நான் கீழே வண்டி போகிற கரத்தை ரோட்டில் நின்றேன். சாம்பிராணி புகைந்தது. முப்பத்திரண்டு பெண்களும், "பொலியோ பொலி!" என்று முதல் கொழுந்தைக் கூடையில் போட்டார்கள். தினமும் விளைச்சல் பெருக வேண்டும் என்று சொல்கிற வார்த்தை அது. அன்று நான்கு தடவை சொல்ல வைத்தார்கள், முதல் மூன்றில் சிரிப்புப் போதவில்லையாம். நாலாவது பொலிக்கு ட்ரோன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது.

மரம் கறுத்தது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த கணம், "படங்கு! படங்கு!" என்ற இராமையாவின் குரல் கேட்டது. புதுச்சேலை கட்டிய முப்பத்திரண்டு பேரும் நின்ற இடத்திலேயே காணாமல் போனார்கள். மலை பூராவும் நீலமும் வெள்ளையுமாய்ச் சின்னச் சின்ன மூட்டைகள்தான் தெரிந்தன.

நான் என்ன செய்தேன் என்றால், ஆட்டோவைத் திருப்பினேன். வீரம் பேசுகிற இடம் இல்லை இது. வீடியோக்காரர்கள் மூவரும் ஓடி வந்து விழுந்தார்கள், ஒருவர் பாண் பெட்டிக்குள்ளேயே தலையை விட்டார். துரை ஜீப்பின் கண்ணாடியை ஏற்றியிருந்தார். மெட்டை நிறுத்தக்கூட எனக்குக் கை வரவில்லை, அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது சிந்துஜன் ஓடுவது தெரிந்தது. பயத்தில் கீழே ஓடாமல் மரத்தைப் பார்த்து மேலே ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் படங்கு இல்லை. இராமையாவிடம் இருந்தது ஒரே ஒரு உரச் சாக்கு. அதை அவன் தலையில் கவிழ்த்து, ஆளைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் தள்ளி, மேலே தான் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நான் பார்த்தது. அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் இராமையாவின் உடம்பிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று கொடுக்கு எடுத்தார்கள். இரண்டு நாள் ஆளைப் பார்த்தால் ஆள் என்றே தெரியவில்லை. யோகம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த வீடியோச் சேலையோடேயே இருந்தாள், மாற்ற வேறு கொண்டுவரவில்லை. பெண்களில் நாலைந்து பேருக்குக் கையில், காலில் ஒவ்வொரு கொட்டு. வேறொன்றுமில்லை. மூன்றாம் நாள் இராமையாவின் ஒரு கண் திறந்தது. கேட்ட முதல் கேள்வி, "எத்தன பேரு?"

"எல்லாரும் வந்துட்டோம். நீதான் பாக்கி" என்றாள் யோகம்மா. சொல்லிவிட்டு அழுதாள்.

நான் பார்க்கப் போன அன்றுதான் சிந்துஜனும் வந்தான். என்னிடமிருந்து வாங்கிப்போன கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தான். பாதுகாக்கப்பட்ட பிராணிக்கு ஏதும் நேர்ந்தால் அவதானிப்பாளர் தன் கையால் பதிய வேண்டுமாம், இரண்டு நாள் ஏற்கெனவே பிந்திவிட்டதாம். ஒரு தேனீ கொட்டினால் அது செத்துவிடும். ஆகவே எத்தனை செத்தன என்று தலைமைக் காரியாலயம் கேட்கிறது.

"அண்ணை, எனக்கு வெக்கமாக் கிடக்கு. நீங்கள் ஏலாது எண்டு சொல்லுங்கோ, நான் போய்ச் சொல்லுறன்" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கொப்பியைப் பிடுங்கி யன்னலால் எறிந்திருப்பேன். இராமையா வீங்கிய கையை நீட்டினார். "குடுங்க தம்பி. இருக்குறத எழுதணும்ல." பேனையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. யோகம்மா விரலுக்குள் செருகிவிட்டாள். கோணல்மாணலாக எழுதினார்:

"ஏழாம் நம்பர் மலை. குளவி. 143. செத்துப்போச்சு."

அத்தோடு நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியையும் எழுதினார்.

"ஏழாம் நம்பர் மலை. கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க. 32. உயிரோட."

சான்றிதழ் கிடைத்துவிட்டது. வீடியோவும் வந்தது, என் ஃபோனிலேயே பார்த்தேன். நாற்பது வினாடி. பட்டுச் சுற்றிய மரம், சாம்பிராணிப் புகை, பொலியோ பொலி, பிறகு பச்சை எழுத்து. நாலாவது பொலிக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். இப்போது மரத்தைச் சுற்றி முப்பது எட்டுக்கு யாரும் போவதில்லை, கல் நட்டுச் சுண்ணாம்பும் பூசியிருக்கிறார்கள். தேனீக்களின் பாதுகாப்பைக் கருதி என்று பலகை சொல்கிறது.

கொப்பியைச் சோதித்தவர்கள் இராமையாவின் இரண்டாவது வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "மனிதர் வனவிலங்குப் பட்டியலில் இல்லை, நீக்கவும்" என்று எழுதியிருந்தார்கள். சிந்துஜன் நீக்கவில்லை. இராமையா அதைவிட ஒரு படி மேலே போனார். வேலைக்குத் திரும்பிய நாள் முதல், பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்களை ஒவ்வொருத்தியாக எண்ணி, அதே வரியை அன்றன்றைக்கு எழுதுகிறார். அவர்களும் ஒவ்வொரு முறையும் வட்டமிடுகிறார்கள்.

நேற்றுக் காலை அவருக்கு ஒரு றாத்தல் பாணைக் கொடுத்துவிட்டுக் கொப்பியை எட்டிப் பார்த்தேன். முந்திய நாள் வரியில், "கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க. 31" என்றிருந்தது. ஒன்று குறைகிறது.

"யாரு இராமையாண்ணே?"

அவர் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த வரியைக் காட்டினார். "லயம். யோகம்மா. 1. காய்ச்சல்."

நான் பெட்டியைத் திறந்து, சூடாக இருந்ததில் ஒரு இனிப்புப் பனிஸை எடுத்து, அவளுக்குக் கொடுங்கள் என்று அவர் கையில் வைத்தேன்.